எட்டுப் படம்

மரியே துணை

சவேரியார்பட்டி
20-1-2002

அன்புத் தங்கச்சி விண்ணரசிக்கு அண்ணன் ரெமிஜியஸ் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, உன் அண்ணி, நான் நாலு பேருக்கும் குறைவில்லை. அப்பாவின் இடது முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முதல்நாளே செய்தி வாசிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பிரின்ஸியும் மஸ்கட் போய்ச் சேர்ந்து, கொண்டுபோன முறுக்கு தீர்ந்து, ஊர் நினைப்பு வந்திருக்கும் நாளாகப் பார்த்து இதை எழுதுகிறேன்.

உங்கள் புதுவீட்டுக்குச் சாமியார் செய்த மந்திரிப்புக் கேசட்டை வெட்டி ஒட்டி மூன்று மணி நேரமாக்கிவிட்டேன். அந்தப் பக்கம் போகிற ஆள் கிடைத்தால் கொடுத்தனுப்புகிறேன். அதுவரை மாப்பிள்ளை பொறுக்க மாட்டாரே என்று இன்னொரு வேலையும் செய்து வைத்திருக்கிறேன்.

டோகாவில் இருக்கிற நம் ஊர் ரெத்தினம், வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களுக்காக இன்டர்நெட்டில் ஒரு பக்கம் நடத்துகிறான் அல்லவா. அதற்கு ஓடுகிற படம் ஏதாவது கொடுங்கள் என்று கேட்டிருந்தான். வீடியோவை அப்படியே போட்டால் அது போன் லைனில் இறங்கி முடிப்பதற்குள் பிரின்ஸிக்குக் கல்யாணமே ஆகிவிடும். அதனால் ஜிஃப் என்கிற வகைக்கு மாற்றித் தரவேண்டும். அஞ்சாம் வகுப்போடு நின்ற மச்சானுக்கு இது எப்படித் தெரியும் என்று மாப்பிள்ளை கேட்பார். இப்படிச் சொல்: வீடியோ என்பது நொடிக்கு இருபத்தைந்து படம். எட்டு நொடி என்றால் இருநூறு. ரெத்தினம் தருவது ஐம்பது கிலோபைட் இடம்தான். இருநூறில் எட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிட்டு, நிறத்தைக் குறைத்து, தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கினால் அதில் அடங்கும். எட்டாவது முடிந்ததும் தானாக முதலாவதிலிருந்து தொடங்கும்.

எந்த எட்டு நொடி தெரியுமா. சாமியார் வாசலில் தீர்த்தம் தெளித்தார், அப்பா முதல் ஆளாகப் படியேறினார், ஈரமான கிரானைட்டில் கால் வழுக்கிற்று, மாப்பிள்ளை பாய்ந்து பிடித்தார். அந்த இடம். ஆனால் ஜிஃப்பில் பார்த்தால் கதையே வேறு. மாப்பிள்ளை மாமனார் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து வாசலை விட்டு வெளியே தள்ளுகிறார். அப்பா சாய்கிறார். திரும்ப வந்து நிற்கிறார். திரும்பத் தள்ளுகிறார். காலையில் ஓடவிட்டுப் போய், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், இன்னும் தள்ளிக்கொண்டிருக்கிறார் மனுஷர். 'புதுவீட்டுக்கு மாமனார் வந்தபோது' என்று அடியில் எழுதிப் போடச் சொன்னேன். ரெத்தினம் போட்டுவிட்டான்.

மாப்பிள்ளையைக் கேலி செய்ய மச்சானுக்கு இல்லாத பாத்தியதையா. மறுவீட்டுக்கு வந்தவருக்கு உப்புப் பாயசம் வைத்தவன் நான். முழுவதும் குடித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றார், கெட்டிக்காரர். இதைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை மறக்காமல் எழுது.

வருகிற வருஷம் மே மாதம் பிரின்ஸி முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை நம் கோவிலில்தான் என்று மாப்பிள்ளை வாக்குக் கொடுத்திருக்கிறார். அப்பா இப்போதே நாள் எண்ணுகிறார். மருமகளுக்கு மாமாவின் முத்தங்கள்.

அண்ணன்
ரெமிஜியஸ்


இயேசுவுக்குப் புகழ்

மஸ்கட்
17-2-2002

அன்பு அண்ணனுக்குத் தங்கை விண்ணரசி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம். பிரின்ஸிக்குச் சளி இருந்தது, இப்போது பரவாயில்லை. அப்பாவின் முழங்காலுக்கு மறக்காமல் தைலம் போடச் சொல்லுங்கள்.

படத்தைப் பார்த்தோம். அவருடைய ஆபீஸ் கம்ப்யூட்டரில், விடுமுறை நாளில் போய்ப் பார்த்தோம். எனக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. பிரின்ஸியும் சிரித்தாள். அவரும் லேசாகச் சிரித்தார். மூன்றாம் தடவை ஓடும்போது சிரிப்பை நிறுத்திவிட்டார். "நான் பிடிச்சது எங்கே?" என்று மட்டும் கேட்டார். 

அண்ணன், வீட்டு மனையை அப்பா எங்களுக்கு எழுதிக்கொடுத்தது ஊருக்கெல்லாம் தெரியும். அதில் கட்டிய வீட்டு வாசலில் அப்பாவையே தள்ளுகிற மாதிரி இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. வாயால் சொல்ல மாட்டார், நான் சொல்கிறேன். எடுத்துவிடச் சொல்லுங்கள். வீட்டுக்குள் சிரித்ததோடு போகட்டும்.

அண்ணிக்கும் அம்மாவுக்கும் என் அன்பு.

தங்கை
விண்ணரசி


மரியே துணை

திருவையாறு, கடையிலிருந்து
10-3-2002

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது. எல்லோரும் நலம், நானும் நலம். கல்யாண மாசம், கேமராவைக் கீழே வைக்க நேரமில்லை. தோள்பட்டை ஒரு பக்கமாக இறங்கிவிட்டது, இனிமேல் சட்டையைக் கோணலாகத் தைக்கவேண்டும்.

மாப்பிள்ளை இப்படி மனம் சுருங்குகிறவர் என்று தெரியாமல் போயிற்று. பாலைவன வெயிலில் காய்ந்து முறுக்கேறியிருப்பார் என்று நினைத்தேன். சரி, ரெத்தினத்திடம் சொல்லியாயிற்று, எடுத்துவிடுவான். அவனுக்கு லீவு கிடைப்பது வெள்ளிக்கிழமைதான், ஒன்றிரண்டு வாரம் முன்பின் ஆகலாம்.

அவரிடம் நீ ஒன்று சொல்லவேண்டும். தள்ளுகிற மாதிரி ஆனது ஐம்பது கிலோபைட்டால் வந்த வினை. இருநூறை எட்டாக்கினால் நடுவில் இருப்பதெல்லாம் போய்விடும். பிடித்தது அந்த நடுவில் இருந்தது. மெஷினுக்கு மாமனார் தெரியுமா மருமகன் தெரியுமா. வீடியோவை இந்த வகைக்கு மாற்றினால் கொஞ்சம் அப்படி இப்படித்தான் வரும்.

அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு இன்டர்நெட் என்றால் டவுனில் இருக்கிற ஏதோ ஓட்டல். பிரின்ஸி நன்றாகப் படிக்கட்டும்.

அண்ணன்
ரெமிஜியஸ்


இயேசுவுக்குப் புகழ்

மஸ்கட்
2-5-2002

அன்பு அண்ணனுக்கு விண்ணரசி எழுதுவது. உங்கள் உடம்பும் அண்ணி உடம்பும் சௌகரியம்தானே. எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

படம் இன்னும் இருக்கிறது. ரெத்தினத்திடம் போன் போட்டுக் கேட்டேன். ஏப்ரல் முதல் வாரம்தான் நீங்கள் சொன்னதாகச் சொன்னார். அவர் மறந்திருப்பார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குள் அது ஊர்ப் பக்கத்தில் மட்டும் இல்லை. கும்பகோணத்து ஆட்கள் வைத்திருக்கும் ஒரு பக்கத்திலிருந்து அதற்கு லிங்க் என்று ஒரு வழி போட்டிருக்கிறார்கள். மெயிலில் சிலர் அந்த முகவரியை அனுப்புகிறார்கள், சிலர் படத்தையே அனுப்புகிறார்கள். அவருடைய கம்பெனியில் வண்டி ஓட்டுகிற மீரா உசேன் அய்யம்பேட்டைக்காரர், நல்ல மனுஷர். அவர்தான் இவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: "ராஜ் அண்ணே, கேம்ப்ல பசங்க இதத்தான் பாத்துக்கிட்டிருக்காங்க. யாருன்னு தெரியாமத்தான் சிரிக்கிறாங்க. தெரிஞ்சிரும்ணே." தெரிந்துவிட்டது. ஸ்டோரில் அவர் அட்டைப்பெட்டியைத் தள்ளினால்கூட யாரோ ஒருவன் மாமனாரா என்று கேட்கிறானாம்.

வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பிறகு தமிழ் ஆட்களுக்கு ஆறு வருஷமாக இவர்தான் ஜெபமாலை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். போன மாதம் ஒரு நாள் 'தாய் தந்தையரை மதித்து' என்று மன்றாட்டில் வந்தது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். இருமல்தானோ என்னவோ. அன்றோடு விட்டுவிட்டார்.

பிரின்ஸியின் புதுநன்மையை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறார். ஊருக்கு வரவேண்டாம் என்று முடிவே செய்துவிட்டார் என்று நினைக்கிறேன். அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை.

அண்ணன், ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். இங்கே கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பெண் சொல்கிறாள், எந்தப் படத்தை வைப்பது, எதைக் கழிப்பது என்பதை மெஷின் தானாகச் செய்யாது, உட்கார்ந்திருக்கும் ஆள்தான் செய்வார் என்று. அந்த எட்டைப் பொறுக்கியது யார்?

தங்கை
விண்ணரசி


மரியே துணை

சவேரியார்பட்டி
9-7-2002

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன். எல்லோரும் இருக்கிறோம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, பேனா கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்.

ஜூன் பன்னிரண்டு வந்து போயிற்று, மேட்டூர் திறக்கவில்லை. குறுவை கிடையாது. காவிரியில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், திருவையாற்றுப் படித்துறைக்கு எதிரே ஸ்டம்ப் நட்டிருக்கிறார்கள். அப்பா தினமும் வாய்க்கால் வரைக்கும் போய் எட்டிப்பார்த்துவிட்டு வருகிறார். விதைநெல்லை மறுபடி பத்தாயத்திலேயே கொட்டிவிட்டார். நாற்று விடாத வருஷத்தில் கல்யாணமும் குறைச்சல்தான், கேமராவுக்கு உறை மாட்டி வைத்திருக்கிறேன். உன் அண்ணி, கேமராவுக்கு மாட்டியதை என் வாய்க்கும் மாட்டச் சொல்கிறாள்.

உங்கள் வீட்டை வாரம் ஒருமுறை திறந்து கூட்டச் சொல்லியிருந்தாய், செய்கிறோம். அப்பாவையும் அம்மாவையும் அங்கேயே தங்கச் சொன்னீர்கள். அப்பா, அவர்கள் வரட்டும், சேர்ந்து போகலாம் என்கிறார்.

படத்தை ரெத்தினம் ஒரு தடவை எடுத்தான். வெளிப்பக்கங்களில் இருந்து வழி போட்டவர்கள் ஏன் காணோம் என்று நச்சரிக்கவே மறுபடி போட்டுவிட்டான் போலிருக்கிறது. நான் பேசுகிறேன். நாலு மாதம் போனால் ஜனங்கள் வேறு எதற்காவது சிரிப்பார்கள். மாப்பிள்ளையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். புதுநன்மையை அங்கே வைப்பதென்பதெல்லாம் கோபத்தில் பேசுவது, மே மாதத்துக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது.

பிரின்ஸிக்கு என் முத்தம்.

அண்ணன்
ரெமிஜியஸ்


மஸ்கட்
4-8-2002

அண்ணனுக்கு,

சுகம். அங்கேயும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் இரண்டு பக்கம். மேட்டூர், நெல், கேமரா உறை எல்லாம் இருக்கிறது. நான் கேட்டது ஒன்றுதான். அது இல்லை.

அவர் கடிதத்தை வாங்கிப் படித்தார். மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

விண்ணரசி


மரியே துணை

திருவையாறு
24-11-2002

அன்புத் தங்கச்சி விண்ணரசிக்கு,

வீட்டில் எல்லோருக்கும் உடம்பு சுகம். உங்கள் மூவருக்கும் கடவுள் சுகத்தைக் கொடுக்கட்டும்.

மூன்றரை மாதம் எழுதவில்லை. எழுதிக் கிழித்தது நாலு.

சென்ற திங்கட்கிழமை அப்பா தனியாகப் பஸ் ஏறிக் கடைக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் என் கடைக்கு வந்தது இரண்டே தடவை. எதிர்வீட்டு அகிலாண்டம் கேட்டதாம், மருமகன் வீட்டுச் சாவி கையில் இருந்தும் ஏன் அங்கே போய் இருக்க மாட்டேன் என்கிறீர்கள், இன்னும் அந்த வருத்தமா என்று. எந்த வருத்தம் என்று அப்பா கேட்டிருக்கிறார். அதன் மகன் சிங்கப்பூரிலிருந்து சொன்னதையெல்லாம் அகிலாண்டம் சொல்லிவிட்டது. அப்பா வேட்டியை மாற்றிக்கொண்டு நேரே இங்கே வந்துவிட்டார்.

காட்டு என்றார். சாக்குச் சொல்லிப் பார்த்தேன். உட்கார்ந்துகொண்டார். போட்டுக் காட்டினேன். தீப்பெட்டி அளவுப் படம், கண்ணாடியை மூக்கில் இறக்கிக் கிட்டே போய்ப் பார்த்தார். சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "எத்தனை தடவைடா விழுறேன்?" என்று கேட்டார்.

"நிறுத்துற வரைக்கும்ப்பா."

"பத்து மாசமாவா?"

 கம்ப்யூட்டரை அணைத்தேன். அப்பா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அந்தக் கை இல்லேன்னா மண்டை ஒடஞ்சிருக்கும். ஒனக்கு யாரும் சொல்ல வேணாம். நீதானே எதிர்ல நின்னுக்கிட்டிருந்தே." பஸ் ஏற்றிவிடக் கூடப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார்.

தங்கச்சி, எட்டைப் பொறுக்கியது நான்.

முதலில் சரியாகத்தான் பொறுக்கினேன். அப்பா வழுக்குவது, மாப்பிள்ளை பாய்வது, சட்டையைப் பிடிப்பது, நிமிர்த்துவது, எல்லாம் அந்த எட்டில் இருந்தது. அதுவும் ஐம்பது கிலோபைட்டுக்குள்தான் அடங்கிற்று. இடம் போதவில்லை என்றது பொய். மெஷின் என்றது அதைவிடப் பெரிய பொய். அந்தச் சரியான எட்டைப் பார்த்தேன், அதில் மாப்பிள்ளை நல்லவராக இருந்தார், அவ்வளவுதான். சரி, கொஞ்சம் விளையாடுவோம் என்று வழுக்கிய காலை எடுத்தேன். பிறகு சட்டையைப் பிடித்த கையை எடுத்தேன். பிறகு நிமிர்த்தியதை எடுத்தேன். அந்த இடங்களில் வேறு படங்களை வைத்தேன். நெஞ்சில் கை, சாய்கிற அப்பா, மறுபடி வாசலில் அப்பா. ஓடவிட்டேன். ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

உறவுக்குள் கேலி உண்டு, பாத்தியதை உண்டு என்று சொல்லிக்கொண்டேன். உப்புப் பாயசத்தை வீட்டுக் கூடத்தில் வைத்தேன், குடித்தவரும் சிரித்தவர்களும் நம் ஆட்கள். இதை யார் கண்டார்கள் என்று எனக்கே தெரியாத இடத்தில் வைத்தேன்.

இதோடு நிறுத்தினால் பாதி சொன்னதாகும். மந்திரிப்பு அன்று காலையில் மாப்பிள்ளையின் மஸ்கட் சிநேகிதர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களிடம் ஒவ்வொருவராகக் காட்டிக்கொடுத்தார், இவர் மாமனார், இவர் பங்குச் சாமியார் என்று. என்னிடம் வந்ததும், இவர் வீடியோக்காரர் என்றார். மச்சான் என்று சொல்லவில்லை. அவசரத்தில் சொல்லியிருப்பார். தாய்மாமன் சீராக நான் வாங்கிவந்த பால்பானையையும் தட்டையும் உன் அண்ணி உள்ளே எடுத்துப் போனாள், நான் கேமராவுக்குப் பின்னால் நின்று என் சீரை நானே படம் பிடித்தேன். அந்தக் கேசட்டில் நான் ஒரு இடத்தில்கூடக் கிடையாது. மூன்று வாரம் கழித்து அதே கேசட்டை வெட்டும்போது அதுதான் நெஞ்சில் இருந்தது. சிரித்த வாயோடு செய்தேன். அது கேலி இல்லை.

அன்றே சொல்லியிருந்தால் ஒரு மன்னிப்போடு போயிருக்கும். நீ கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம். மேட்டூரைப் பற்றி எழுதினேன்.

சரியான எட்டை இத்துடன் வைத்திருக்கும் பிளாப்பியில் போட்டிருக்கிறேன். மாப்பிள்ளை சரி என்றால் அதைப் போடச் சொல்கிறேன்.

ரெமிஜியஸ்


இயேசுவுக்குப் புகழ்

மஸ்கட்
5-1-2003

அன்பு அண்ணனுக்கு விண்ணரசி. எல்லோரும் நலம். கிறிஸ்துமஸ் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அப்பாவிடம் போனில் பேசினேன், அவர் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை நான் மூன்று நாள் ஒளித்து வைத்திருந்தேன். பிறகு கொடுத்தேன். உட்கார்ந்து படித்தார். எழுந்து போய்க் குளித்துவிட்டு வந்தார். சாப்பிடும்போது இரண்டு சொன்னார். ஒன்று, சரியான படம் வேண்டாம் என்று. அதைப் போட்டால் அதையும் யாராவது வெட்டுவான், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சிரிப்பார்கள், இனி எந்தப் படத்தையும் பார்க்க எனக்குத் தெம்பில்லை என்றார்.

இரண்டாவது: "இந்தக் கடுதாசி ஒனக்கு ஏன் வந்துச்சு? தள்ளினதாக் காட்டுனது ஒன்னயா?"

 அதற்குப் பதில் உங்களிடம்தான் இருக்கும், அண்ணன்.

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். முதல் நாள் ஆபீசில் நான் சிரித்தேன் என்று எழுதியிருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் நினைத்து நினைத்துச் சிரித்தேன். அடுத்த அறையிலிருந்து அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். உங்களைக் கேள்வி கேட்டு எழுதும்போதெல்லாம் அது எனக்கு உறுத்தும்.

புதுநன்மை இங்கேதான் என்று பெயர் கொடுக்கக் கடைசி நாள் மார்ச் மாதம் பதினைந்து. இன்னும் கொடுக்கவில்லை.

தங்கை
விண்ணரசி


மரியே துணை

திருவையாறு
2-2-2003

மரியாதைக்குரிய மாப்பிள்ளை குழந்தைராஜ் அவர்களுக்கு ரெமிஜியஸ் எழுதுவது. தாங்களும் தங்கச்சியும் பிரின்ஸியும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டுகிறேன். இங்கு யாவரும் சுகம்.

பதினான்கு வருஷத்தில் தங்களுக்கு நான் தனியாக எழுதும் முதல் கடிதம் இது. நேரில் பேசினால் கேலி பேசியே தப்பித்து விடுவேன். காகிதத்தில் அது முடியாது என்று இப்போதுதான் தெரிகிறது.

தங்கச்சிக்கு எழுதியதை மறுபடி எழுதவில்லை, தாங்கள் படித்துவிட்டீர்கள். அப்பா விழாமல் பிடித்தவர் தாங்கள். பிடித்ததைக் கழித்துவிட்டுத் தள்ளியதாகக் காட்டியவன் நான். தெரிந்தே செய்தேன். அதைத் தங்களிடம் சொல்லாமல் தங்கச்சியிடம் சொன்னது, அவள் அழுது தங்களைச் சமாதானம் செய்துவிடுவாள் என்ற கணக்கில்தான். அதுவும் ஒரு ஏமாற்று வேலைதான்.

சரியான எட்டு வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. எடுத்துவிடுவதும் முழுக்க முடியாது. மெயிலில் படமாகப் போனவை போனதுதான், எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ. ஆனால் ரெத்தினம் ஒன்று சொன்னான். அதிகம் பேர் படத்தை அனுப்பவில்லை, அது இருக்கும் முகவரியைத்தான் அனுப்பியிருக்கிறார்கள். மற்றப் பக்கங்களும் அப்படியே. அங்கே அதே பெயரில் வேறொன்றை வைத்தால், எங்கிருந்து யார் திறந்தாலும் புதியதுதான் வரும்.

நாலு வெள்ளைத் தாள் எடுத்து, பெரிய எழுத்தில் என் கையால் எழுதி, ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, நாலையும் ஜிஃப் ஆக்கி அதே பெயரில் ஜனவரி இருபத்திரண்டாம் தேதி வைத்துவிட்டேன். முதல் தாளில்: இங்கே இருந்த படம் பொய். இரண்டாவதில்: மாமனார் வழுக்கினார், மருமகன் பிடித்துக் காப்பாற்றினார். மூன்றாவதில்: பிடித்ததை எடுத்துவிட்டுத் தள்ளுவதுபோல் ஒட்டியவன் நான். நாலாவதில்: ரெமிஜியஸ், மருமகனின் மச்சான், வீடியோக் கடை, திருவையாறு. முடிந்ததும் முதலிலிருந்து ஓடும். வாசிக்க நேரம் இருக்கவேண்டும் என்று தாளுக்கு ஐந்து நொடி கொடுத்திருக்கிறேன்.

தங்களிடம் கேட்காமல் செய்தேன். கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்று பயம். பெயரில்லாமல் போடலாமே என்றான் ரெத்தினம், தொழிலுக்கு இடைஞ்சலாகும் என்று. அவன் சொன்னது சரிதான். ஒரு கல்யாண வீட்டார் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள், பெண் வீட்டுக்காரர் நேரிலேயே கேட்டார், எங்கள் ஆட்களை என்னவாகக் காட்டுவீர்கள் என்று. நியாயமான கேள்வி.

தாங்கள் வரவேண்டும் என்று கேட்கும் இடத்தில் நான் இல்லை. அப்பா கேட்கச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். பேத்தி புதுநன்மைக்கு நம் கோவிலில் நின்றால், மருமகன் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் பார்க்க அவர் வீட்டு வாசல்படியில் ஒருமுறை ஏறுவேன் என்று சொல்கிறார்.

தங்கள் மன்னிப்பைக் கேட்கும்
ரெமிஜியஸ்


இயேசுவுக்குப் புகழ்

மஸ்கட்
9-3-2003

மச்சானுக்குக் குழந்தைராஜ் எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். மாமா, அத்தை, உங்கள் வீட்டு அக்கா, நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

எனக்குக் கடிதம் எழுத வராது. விண்ணரசி எழுதித் தருகிறேன் என்றாள். நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் வைத்ததை உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். மீரா உசேன் ஓடிவந்து கூப்பிட்டார். ஸ்டோர் கம்ப்யூட்டரைச் சுற்றி நாலு பேர் நின்றார்கள். பழைய படம்தான் என்று நினைத்துப் போகமாட்டேன் என்றேன். கையைப் பிடித்து இழுத்துப் போனார். தமிழ் வாசிக்கத் தெரியாத ஒரு மலையாளத்துக்காரர் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். நானே வாசித்துச் சொன்னேன். முதல் தாள் சொன்னேன், இரண்டாவது சொன்னேன். மூன்றாவதை வாசிக்க வாய் வரவில்லை. மீரா உசேன் வாசித்தார். போகும்போது அந்த மலையாளத்துக்காரர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். இப்போது பெட்டியைத் தள்ளினால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

அவர்கள் போன பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்து பார்த்தேன். நான்தான், நான்தான் என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். பத்துப் பதினைந்து தடவை ஆகியிருக்கும். எனக்குக் கோபம் இருந்தது, இப்போதும் முழுக்கப் போகவில்லை. ஆனால் ஒரு மனுஷனை அப்படி நிறுத்தாமல் வைத்திருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். ஒரே தடவை ஓடி நின்றுவிடும்படி வைக்கலாம் என்று ரெத்தினம் சொல்கிறார். அப்படி வைத்துவிடுங்கள். கடைசியில் வெறும் வெள்ளைத் தாள் ஒன்று நிற்கட்டும்.

மந்திரிப்பு அன்று உங்களை வீடியோக்காரர் என்று சொன்னது எனக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். ஆனால் சொல்லியிருப்பேன். வந்தவர்கள் பெரிய வேலையில் இருக்கிறவர்கள். அவசரம் என்று எழுதியிருக்கிறீர்கள், அவசரம் இல்லை. அதற்கு மேல் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இங்கே பெயர் கொடுக்கவில்லை. ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி திருச்சியில் இறங்குகிறோம். மாமாவிடம் சொல்லுங்கள், வழுக்காமல் இருக்கப் படியில் சாக்கு விரித்து வைக்கச் சொன்னேன் என்று.

புதுநன்மைக்கு நீங்கள் வீடியோ எடுக்க வேண்டாம். கும்பகோணத்தில் வேறு ஆளுக்குச் சொல்லிவிட்டேன். தாய்மாமன் படத்துக்குள் இருக்க வேண்டும்.

மாப்பிள்ளை
குழந்தைராஜ்